நம்பர் வாங்கிவிட்டு மேடை ஏறுங்கள்: அறிவுசார் சொத்துரிமையில் மாணவர்கள் செய்யும் தவறுகள்

பிப்ரவரி, மார்ச் வந்தால் எனக்குப் போன் வரத் தொடங்கிவிடும். இறுதியாண்டு புராஜெக்ட் முடிகிற காலம். "சார், எங்க புராஜெக்டுக்கு பேட்டன்ட் போடணும்" என்று ஆரம்பிப்பார்கள். பேட்டன்ட் (காப்புரிமை) விண்ணப்பங்களை எழுதித் தரும் ஏஜென்ட் வேலை பார்ப்பவனுக்கு இது சந்தோஷமான போனாகத்தான் இருக்க வேண்டும். என்ன செய்திருக்கிறீர்கள் என்று கேட்பேன், ஆர்வமாகச் சொல்வார்கள். இதை இதுவரை எங்கேயாவது காட்டினீர்களா என்று அடுத்துக் கேட்பேன். பல போன்கள் அந்தப் பதிலோடு முடிந்துவிடும்.

அடுத்தவர் ரிப்போர்ட்டைக் காப்பி அடிக்காதீர்கள், திருட்டு மென்பொருள் வேண்டாம் என்றெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. அதெல்லாம் தப்பு என்று தெரிந்தேதான் செய்கிறார்கள். தப்பு என்றே தெரியாமல் செய்பவற்றைப் பற்றித்தான் பேச்சு. படிக்கிற காலத்தில் நான் செய்தவையும் இதில் உண்டு.

அதற்கு முன் கொஞ்சம் அடிப்படை. நீங்கள் ஒரு இயந்திரம் செய்கிறீர்கள் என்று வையுங்கள். அது வேலை செய்யும் விதத்துக்குப் பேட்டன்ட். விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டு. அதன் வெளித்தோற்றத்துக்கு டிசைன் பதிவு. முதலில் 10 ஆண்டு, நீட்டித்தால் இன்னும் 5. அதற்கு வைக்கும் பெயருக்கு டிரேட்மார்க். 10 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொண்டே போகலாம். அதைப் பற்றி எழுதிய ரிப்போர்ட், வரைந்த படம், எழுதிய கம்ப்யூட்டர் புரோகிராம் எல்லாவற்றுக்கும் பதிப்புரிமை; எழுதியவர் இருக்கும்வரைக்கும், அதன்பின் 60 ஆண்டும். பதிப்புரிமை எழுதிய கணமே தானாக வந்துவிடும். பேட்டன்டும் டிசைனும் அப்படி வராது. கேட்டு வாங்க வேண்டும், அதுவும் வெளியே காட்டுவதற்கு முன்.

முதலில் காட்டிவிட்டு அப்புறம் விண்ணப்பிப்பது

இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வரவழைக்கும் தவறு இதுதான். காட்டிவிட்டுப் போடுவதால் யாருக்கும் ஒரு ரூபாய் மிச்சமில்லை. வரிசை மாறியது என்ற ஒரே காரணத்துக்காக உரிமை போகிறது.

1970ஆம் ஆண்டின் பேட்டன்ட் சட்டம் கேட்பது இவ்வளவுதான்: விண்ணப்பம் போடும் நாளுக்கு முன் அந்தக் கண்டுபிடிப்பு உலகில் எங்கேயும் வெளியாகியிருக்கக் கூடாது, புழக்கத்திலும் இருந்திருக்கக் கூடாது. "நாங்களே கண்டுபிடிச்சதை நாங்களே போட்டோம், அது எப்படி சார் எங்களுக்கே எதிரா வரும்?" என்று கேட்பார்கள். வரும். உங்கள் வாயால் நீங்கள் சொன்னதும் வெளியீடுதான்.

திருச்சி பக்கம் ஒரு கல்லூரி மாணவர்கள் வாழைநார் பிரிக்கும் இயந்திரம் ஒன்றைச் செய்திருந்தார்கள். சுழலும் உருளைக்கும் அதன் எதிரே நிற்கும் இரும்புப் பட்டைக்கும் நடுவே வாழைமட்டையைச் செருகினால் சதை வழிந்து நார் மட்டும் நிற்கும். இது பழைய சமாச்சாரம். வெளிமட்டை தடிமன், உள்மட்டை மெலிசு என்பதால் அந்த இடைவெளியை அடிக்கடி ஸ்பேனர் வைத்து மாற்ற வேண்டியிருக்கும். இவர்கள் பட்டைக்குப் பின்னால் ஸ்பிரிங்கும் ஒரு சின்ன நெம்புகோலும் வைத்து, மட்டையின் தடிமனுக்கு ஏற்ப இடைவெளி தானாகவே விலகும்படி செய்திருந்தார்கள். படத்தைப் பார்த்ததுமே எனக்குப் பிடித்துவிட்டது. விண்ணப்பம் எழுத உட்காரும் முன் வழக்கம்போல் தேடினேன். யூடியூபில் முதலில் வந்து நின்றது அவர்களுடைய வீடியோவேதான்.

ஏதோ ஒரு போட்டிக்காக லைக் சேர்க்கப் போட்டது. மூடியைக் கழற்றி வைத்துவிட்டு, போனை அந்த இடைவெளிக்குப் பக்கத்தில் கொண்டுபோய், "இந்த ஸ்பிரிங்தான் இதுல மேட்டரே" என்று ஒரு பையன் விரலால் தொட்டுக் காட்டுகிறான். கீழே லேத் பட்டறை நடத்தும் ஒருவர் அளவு கேட்டிருக்கிறார். இவர்களும் ஸ்பிரிங் கம்பியின் தடிமன், நெம்புகோலின் நீளம் எல்லாவற்றையும் மில்லிமீட்டர் கணக்கில் எழுதி, கடைசியில் ஒரு கும்பிடும் போட்டிருந்தார்கள். பேட்டன்ட் விண்ணப்பத்தில்கூட அவ்வளவு தெளிவாக யாரும் எழுதுவதில்லை. வீடியோவை அழித்துவிடட்டுமா என்று கேட்டார்கள். அழித்தாலும் வெளியான தேதி வெளியான தேதிதான்.

சட்டத்தில் சலுகையே இல்லையா? இருக்கிறது, பிரிவு 31. மத்திய அரசு அரசிதழில் அறிவித்த கண்காட்சியில் வைத்திருந்தாலோ, கற்றறிந்தோர் சங்கம் (துறை அறிஞர்களின் அமைப்பு) ஒன்றில் கண்டுபிடித்தவரே கட்டுரை வாசித்திருந்தாலோ, 12 மாதத்துக்குள் விண்ணப்பிக்கலாம். 2024இல் விதிகளைத் திருத்தியபோது அந்தச் சலுகையைக் கேட்பதற்கென்றே படிவம் 31ஐக் கொண்டுவந்தார்கள். ஆனால் உங்கள் கல்லூரி சிம்போசியம் அரசிதழில் வந்த கண்காட்சி இல்லை. பணம் கட்டினால் இரண்டு நாளில் கட்டுரையை ஏற்றுக்கொள்ளும் ஆன்லைன் ஜர்னலைக் கற்றறிந்தோர் சங்கம் என்று வாதாட எனக்குத் துணிச்சல் போதாது. இந்தப் பிரிவை நம்பி யாரும் மேடை ஏறாதீர்கள்.

அமெரிக்காவில் ஓராண்டு அவகாசம் உண்டே என்று விவரமான மாணவர்கள் கேட்பதுண்டு. உண்டு. ஆனால் அது அமெரிக்காவுக்கு மட்டும்தான் உதவும். இங்கே போனது போனதுதான், ஐரோப்பாவிலும் அப்படியே. அதோடு, இந்தியாவில் வசிப்பவர் வெளிநாட்டில் முதலில் விண்ணப்பிக்க வேண்டுமென்றால், பிரிவு 39இன்படி இங்குள்ள பேட்டன்ட் அலுவலகத்தில் முன்அனுமதி வாங்க வேண்டும். இல்லாவிட்டால் இங்கே விண்ணப்பம் போட்டு ஆறு வாரம் காத்திருக்க வேண்டும்.

மாணவர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. "பேப்பர் பப்ளிஷ் பண்ணினால்தான் இன்டர்னல் மார்க்" என்று விரட்டும் வழிகாட்டிகளே பல இடங்களில் காரணம். நான் பேப்பர் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆன்லைனில் தற்காலிக விண்ணப்பம் போட்டால் உடனே விண்ணப்ப நம்பர் கிடைத்துவிடும். பேப்பரை மறுநாளே அனுப்பலாம். தனிநபருக்கும் கல்வி நிறுவனத்துக்கும் அரசுக் கட்டணம் 1,600 ரூபாய். பெரிய கம்பெனிகளுக்கு 8,000. (ஏஜென்ட் வைத்தால் அவர் கூலி தனி; அதற்காகத்தான் இதை எழுதுகிறேன் என்று நினைத்தால், நீங்களே போடவும் சட்டம் அனுமதிக்கிறது.) முழு விவரக்குறிப்பைக் கொடுக்க அங்கிருந்து 12 மாதம் அவகாசம். அதற்காகத் தற்காலிக விண்ணப்பத்தில் தலைப்பையும் நோக்கத்தையும் மட்டும் எழுதிப் போட்டால் அது வெறும் ரசீதுதான். எதை விவரித்திருக்கிறீர்களோ அதற்குத்தான் அந்தத் தேதி கிடைக்கும். ஸ்பிரிங்கைப் பற்றி எழுதவில்லை என்றால் ஸ்பிரிங்குக்கு இல்லை.

ஆய்வேடும் இதே கணக்கில்தான் வரும். நூலகத்தில் வைத்து, யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம் என்று ஆகிவிட்டால் அது வெளியீடு.

விண்ணப்பிக்கும் முன் எக்ஸ்போவில் நின்றே ஆக வேண்டுமென்றால் மூடியைக் கழற்றாதீர்கள். என்ன செய்கிறது என்று சொல்லுங்கள், எப்படிச் செய்கிறது என்று சொல்லாதீர்கள். பாகம் செய்துதரும் பட்டறைக்காரரிடம், வெளியே சொல்ல மாட்டேன் என்று ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். எல்லாப் புராஜெக்டும் பேட்டன்டுக்குத் தகுதியானவை இல்லை. பெரும்பாலானவை இல்லை என்பதே என் அபிப்பிராயம். ஆனால் அதை முடிவுசெய்வது காட்டுவதற்கு முன் நடக்க வேண்டும்.

"நன்றி: கூகுள்"

இணையத்தில் எடுத்த படத்துக்குக் கீழே இப்படி எழுதுகிறார்கள். கூகுள் தேடித் தருகிறது. படம் எடுத்தவர் வேறொருவர்.

"30 செகண்டுக்குள்ள இருந்தா பரவாயில்ல"

அடுத்தவர் பாட்டையோ வீடியோவையோ 30 செகண்டுக்குள் எடுத்துப் போட்டால் தப்பில்லை என்று நம்புகிறார்கள். இந்தியச் சட்டத்தில் அப்படி ஒரு வரி கிடையாது.

பாரதியார் பாட்டுதானே என்று நினைப்பது

குறும்படம் எடுக்கும் மாணவர்கள் அடிக்கடி மாட்டிக்கொள்ளும் இடம் இது. பாரதியின் எழுத்துகளின் உரிமையை 1949இல் அரசு வாங்கி, பின்னர் பொதுவாக்கியது. அவர் மறைந்தது 1921இல் என்பதால், இன்றைய கணக்குப்படி பார்த்தாலும் அந்த வரிகளுக்குப் பதிப்புரிமை எப்போதோ முடிந்துவிட்டது. யார் வேண்டுமானாலும் அச்சிடலாம், பாடலாம். ஆனால் நீங்கள் எடுத்துப் போடுவது வரிகளை இல்லையே. ஒருவர் போட்ட மெட்டில், இன்னொருவர் பாடி, ஒரு கம்பெனி பதிவுசெய்து வெளியிட்ட ஒலிப்பதிவை. மெட்டுக்குத் தனி உரிமை, ஒலிப்பதிவுக்குத் தனி உரிமை. ஒலிப்பதிவுக்கு வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டு. உங்கள் வகுப்பிலேயே பாடத் தெரிந்த பெண் ஒருத்தி இருப்பாள். சொந்த மெட்டில் பாடச் சொல்லிப் பதிவுசெய்துகொள்ளுங்கள், சிக்கல் தீர்ந்தது.

கல்லூரி ஆண்டுவிழாவில் சினிமாப் பாட்டு பாடினார்களே, அது எப்படி என்று கேட்கலாம். கல்லூரியின் நடவடிக்கையாக, மாணவர்களும் ஆசிரியர்களும் சேர்ந்து, அவர்களும் பெற்றோரும் மட்டுமே பார்க்க நடத்தும் நிகழ்ச்சிக்குப் பதிப்புரிமைச் சட்டத்தின் பிரிவு 52 விலக்கு தருகிறது. அதே நிகழ்ச்சியை வீடியோ எடுத்து யூடியூபில் ஏற்றினால் அந்த விலக்கு கூடவே வராது.

ஜெராக்ஸ் தீர்ப்பைத் தப்பாகப் படிப்பது

டெல்லி பல்கலைக்கழக வளாக ஜெராக்ஸ் கடை மீது ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் போன்ற பதிப்பகங்கள் 2012இல் வழக்குப் போட்டன. பாடத்துக்குத் தேவையான பகுதிகளைத் தொகுத்துப் பிரதி எடுத்துக் கொடுப்பதை 2016இல் டெல்லி உயர் நீதிமன்றம் ஆதரித்தது. மறு ஆண்டு பதிப்பகங்கள் வழக்கிலிருந்து விலகிக்கொண்டன. மாணவர்களுக்கு நல்ல தீர்ப்புதான். ஆனால் இதைக் காட்டி, முழுப் புத்தகத்தையும் ஸ்கேன் செய்து டெலிகிராம் குரூப்பில் போடுவதற்கு நியாயம் சொல்கிறார்கள். அந்த வழக்கு பாடம் நடத்துவதற்கான பிரதியைப் பற்றியது. குரூப்பில் இருக்கும் முகம் தெரியாத ஆயிரம் பேரைப் பற்றியது இல்லை.

"என் ஐடியாவைத் திருடிட்டான்"

ஐடியாவுக்குப் பதிப்புரிமை இல்லை. அதை நீங்கள் எழுதிய, வரைந்த, படமாக்கிய வடிவத்துக்குத்தான். ஒரு நாடகத்துக்கும் சினிமாவுக்கும் நடந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1978இலேயே இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. எனவே எழுதி வையுங்கள், தேதி போட்டு வையுங்கள்.

படிக்காமல் 'ஐ அக்ரி' தட்டுவது

ஹேக்கத்தான், குறும்படப் போட்டி, லோகோ போட்டி எல்லாவற்றிலும் நிபந்தனைகளின் நடுவே ஒரு வரி ஒளிந்திருக்கும்: அனுப்பப்படும் படைப்புகள் அனைத்தும் அமைப்பாளர்களுக்குச் சொந்தம். ஜெயித்ததற்கு மட்டும் இல்லை, அனுப்பிய எல்லாவற்றுக்கும். பயன்படுத்த அனுமதி கேட்கிறார்களா, உரிமையையே எழுதி வாங்குகிறார்களா என்று பாருங்கள். பதிப்புரிமையைக் கைமாற்ற எழுத்தும் கையெழுத்தும் வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு என்றும், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும். உரிமையை விற்ற பிறகும், இதைச் செய்தது நான் என்று சொல்லும் உரிமையும், அதைச் சிதைத்தால் எதிர்க்கும் உரிமையும் பிரிவு 57இன்படி படைத்தவரிடமே இருக்கும். சிற்பி அமர் நாத் சேகல், டெல்லி விஞ்ஞான் பவனில் இருந்த தன் சுவர்ச்சிற்பத்தை அகற்றிச் சிதைத்த அரசுக்கு எதிராகவே வழக்காடி 2005இல் ஜெயித்தது அந்தப் பிரிவை வைத்துத்தான்.

கிட்ஹப்பில் இருந்தாலே இலவசம் என்பது

கிட்ஹப் என்பது புரோகிராம்களைப் பகிரும் இணையதளம். அங்கே புரோகிராமோடு, எப்படிப் பயன்படுத்தலாம் என்று சொல்லும் லைசென்ஸ் கோப்பு இல்லையென்றால் எல்லா உரிமையும் எழுதியவருக்கே. இருந்தால், திறந்து படியுங்கள்.

'பப்ளிஷ்டு' என்றால் கிடைத்துவிட்டது என்று நினைப்பது

பேட்டன்ட் விண்ணப்பம் எதுவானாலும் பொதுவாக 18 மாதத்தில் அரசின் பேட்டன்ட் ஜர்னலில் வெளியாகும். படிவம் 9 போட்டுக் கட்டணம் கட்டினால் சீக்கிரமே வரும். அதில் யாரும் எதையும் பரிசோதித்திருக்க மாட்டார்கள். பரிசோதனைக்கு நீங்கள் தனியாகக் கோரிக்கை வைக்க வேண்டும். இப்போதைய விதிப்படி 31 மாதத்துக்குள். வைக்காவிட்டால் விண்ணப்பத்தை நீங்களே திரும்பப் பெற்றுக்கொண்டதாகச் சட்டம் எடுத்துக்கொள்ளும். ரெஸ்யூமேயில் "பேட்டன்ட் பெற்றவர்" என்று எழுதிக்கொண்டு வேலைக்குப் போகிறவர்களுக்கு, அந்த நம்பரைத் தட்டினால் நிலவரம் யாருக்கும் தெரியும் என்பது தெரிவதில்லை. அரசின் தளத்தில் இலவசமாகவே பார்க்கலாம்.

அப்புறம், பேட்டன்ட் விண்ணப்பத்தின் கண்டுபிடிப்பாளர் பட்டியலில், இவ்வளவு கொடுத்தால் மூன்றாவது பெயர், அவ்வளவு கொடுத்தால் முதல் பெயர் என்று வாட்ஸ்அப்பில் வரும் விளம்பரம். அந்தப் பட்டியலில் பெயர் போட்டுக்கொள்வதும், புராஜெக்ட் பக்கமே வராத துறைத்தலைவரின் பெயரை மரியாதைக்காகச் சேர்ப்பதும் ஒரே ரகம்தான். உண்மையில் கண்டுபிடித்தவர் யார் என்று படிவத்தில் உறுதிமொழி கொடுத்துக் கையெழுத்துப் போடுகிறீர்கள். மரியாதையைக் காட்ட ரிப்போர்ட்டில் நன்றியுரை என்று ஒரு பக்கமே இருக்கிறது.