டி-ரெக் செல்களை எதிரியாக மட்டும் பார்ப்பதால் வரும் தவறுகள்

டி செல்கள் நோயெதிர்ப்பு வேலையைச் செய்யும் வெள்ளணுக்கள். புற்றுக் கட்டியைத் தாக்க வரும் டி செல்களை அடக்கி வைப்பவை ஒழுங்குபடுத்தும் டி செல்கள். சுருக்கமாக டி-ரெக். இதைக் கேட்டதுமே யாருக்கும் எழும் கேள்வி, "அப்படியானால் அவற்றை ஒழித்துக்கட்டிவிட்டால் என்ன?" என்பதுதான். புற்றுநோய்க்கான நோயெதிர்ப்புச் சிகிச்சையைப் பற்றிய குழப்பங்களில் பல இந்தக் கேள்வியிலிருந்தே கிளம்புகின்றன.

டி-ரெக் செல்கள் இல்லாத உடம்பு என்ன பாடுபடும் என்பது மருத்துவத்துக்குத் தெரிந்த விஷயம். டி-ரெக் செல்கள் உருவாகத் தேவையான ஃபாக்ஸ்பி3 மரபணு பழுதுபட்டுப் பிறக்கும் ஆண் குழந்தைகளுக்கு ஐபெக்ஸ் என்ற அரிய நோய் வருகிறது. பிறந்த சில மாதங்களுக்குள்ளேயே முதல் வகை நீரிழிவு, நிற்காத வயிற்றுப்போக்கு, உடம்பெங்கும் தோல் அழற்சி. வேலியே பயிரை மேய்ந்த கதையாக, காக்க வேண்டிய செல்களே கணையத்தையும் குடலையும் தின்கின்றன. ஷிமோன் சகாகுச்சி 1995இல் எலிகளில் இந்தச் செல்களை அடையாளம் காட்டினார். மேரி பிரன்கோ, ஃபிரெட் ராம்ஸ்டெல் ஆகியோர் 2001இல் ஃபாக்ஸ்பி3 மரபணுவைக் கண்டுபிடித்தார்கள். மூவருக்கும் 2025ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது, நம் உடம்பு தன்னையே தாக்காமல் இருப்பது எப்படி என்று விளக்கியதற்காக. புற்றுநோய்ச் சிகிச்சையில் அது தடையாக நிற்பது இந்தக் கதையின் இன்னொரு பக்கம்.

ஆகவே உடம்பு முழுவதும் டி-ரெக் செல்களைக் குறைப்பது சிகிச்சைக்கான குறிக்கோளாக முடியாது. மொகாமுலிசுமாப் என்ற மருந்தைப் பாருங்கள். சிசிஆர்4 என்ற புரதத்தைத் தாங்கிய சில ரத்தப் புற்றுநோய்ச் செல்களைக் கொல்வதற்காக ஜப்பானில் 2012இல் அனுமதி பெற்றது. அதே புரதம் டி-ரெக் செல்கள் மீதும் இருப்பதால் அவையும் சேர்ந்து அழிகின்றன. இந்த மருந்தை எடுத்த கொஞ்ச நாளிலேயே வேறொருவரின் ஸ்டெம் செல்களைப் பெற்றவர்களிடம், புதிதாக வந்த செல்கள் நோயாளியின் உடலையே தாக்கும் சிக்கல் கடுமையாகத் தலைதூக்கியது. கட்டிக்குள் இருக்கும் டி-ரெக் செல்களை மட்டும் குறிவைக்க முடியுமா என்பதே இப்போதைய தேடல். அவற்றில் அதிகமாகக் காணப்படும் சிசிஆர்8 புரதத்தை நோக்கிய மருந்துகள் மனிதர்களிடம் சோதிக்கப்படுவது அதனால்தான்.

அடுத்தது எண்ணிக்கையை நம்பும் தவறு. மாணவர்களும், ஆய்வுக் கட்டுரைகளைத் தேடிப் படிக்கும் நோயாளிகளும் இதில்தான் அதிகம் சறுக்குகிறார்கள் என்பது என் எண்ணம். கட்டியின் மாதிரியில் ஃபாக்ஸ்பி3 சாயம் ஏறிய செல்களை எண்ணி, கூடுதலாக இருந்தால் நிலைமை மோசம் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். சினைப்பைப் புற்றுநோயில் 2004இல் வந்த ஒரு முக்கிய ஆய்வு அப்படித்தான் காட்டியது. பெருங்குடல் புற்றுநோயிலோ அந்தச் செல்கள் அதிகமிருந்தவர்கள் நன்றாகத் தேறினார்கள் என்று வேறு ஆய்வுகள் கூறின. இதற்கான விடை 2016இல் கிடைத்தது. எலியில் ஃபாக்ஸ்பி3 இருந்தால் அது டி-ரெக் என்று ஏறக்குறைய சொல்லிவிடலாம். மனித உடலில் சாதாரண டி செல்லும் தூண்டப்பட்டவுடன் அந்தப் புரதத்தைக் கொஞ்ச காலம், கொஞ்ச அளவில் காட்டும். சில பெருங்குடல் கட்டிகளில் அப்படிக் குறைந்த அளவு ஃபாக்ஸ்பி3 கொண்ட, எதையும் அடக்காத, அழற்சியைத் தூண்டும் செல்கள் குவிந்திருந்தன. எண்ணும்போது அவையும் டி-ரெக் கணக்கில் விழுந்திருந்தன. எனவே ஒரு எண்ணைப் பார்த்தால், புரதத்தின் அளவு என்ன, கட்டிக்கு உள்ளேயா ஓரத்திலா, பக்கத்தில் கொல்லும் டி செல்கள் எத்தனை என்று கேளுங்கள். இவை தெரியாமல் அந்த எண்ணுக்குப் பொருள் இல்லை. ரத்தத்தில் எடுத்த அளவை வைத்துக் கட்டிக்குள் நடப்பதை ஊகிப்பதும் இதே வகைத் தவறு.

எலியில் பலித்தது மனிதரிலும் பலிக்கும் என்று நம்புவதன் விலையை 2006 மார்ச் மாதம் லண்டன் கண்டது. டிஜிஎன்1412 என்ற மருந்து டி-ரெக் செல்களைப் பெருக்கும் என்று விலங்குச் சோதனைகள் நம்பிக்கை தந்தன. குரங்குகள் தாங்கிய அளவில் 500இல் ஒரு பங்குதான் 6 ஆரோக்கியமான தன்னார்வலர்களுக்குச் செலுத்தப்பட்டது. இரண்டு மணி நேரத்துக்குள் அவர்கள் சுருண்டார்கள். அடுத்த சில மணி நேரங்களில் பல உறுப்புகள் செயலிழக்க, ஆறு பேரும் தீவிர சிகிச்சைக்குப் போனார்கள். ஆறு பேரும் பிழைத்தார்கள் என்பதே ஆறுதல். அந்த மருந்து பற்றிக்கொள்ளும் சிடி28 புரதம் மனிதரின் நினைவு டி செல்களில், அதாவது முன்பு சந்தித்த கிருமியை நினைவில் வைத்திருக்கும் செல்களில், இருக்கிறது. சோதித்த குரங்கினத்தில் அதே வகைச் செல்கள் அதை இழந்திருந்தன. அதனால் ஆபத்து முன்கூட்டித் தென்படவில்லை. டி செல்களுக்குத் தடையாக இருக்கும் சிடிஎல்ஏ-4 என்ற புரதத்தைத் தடுக்கும் புற்றுநோய் மருந்தான ஐபிலிமுமாப் பற்றிய விவாதமும் இந்தச் சிக்கலையே தொடுகிறது. சிடிஎல்ஏ-4ஐத் தடுக்கும் மருந்துகள் எலிக் கட்டிகளில் டி-ரெக் செல்களை அழிப்பது தெளிவாகத் தெரிந்தது. மனிதக் கட்டிகளில் அது நடக்கிறதா என்பதில் ஆய்வாளர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை.

டி செல்களைப் பெருகத் தூண்டும் புரதமான இன்டர்லூக்கின்-2 விஷயத்திலும் அவசர முடிவு கூடாது. அதிக அளவில் கொடுத்தால் கொல்லும் செல்கள் தூண்டப்படும் என்பதால் 1992இல் அமெரிக்காவில் சிறுநீரகப் புற்றுநோய்க்கு அனுமதி கிடைத்தது. குறைந்த அளவில் கொடுத்தால் அதை முதலில் பிடித்துக்கொள்பவை டி-ரெக் செல்களே. டி-ரெக் மட்டுமே தடை என்று நினைப்பதும் சரியல்ல. கட்டிக்குள் இருக்கும் வேறு நோயெதிர்ப்புச் செல்களான சில மேக்ரோஃபேஜ்களும் மைலாய்ட் வகை அடக்கும் செல்களும் அதே வேலையைச் செய்கின்றன. ஒன்றைத் தடுத்தால் மற்றொன்று இடத்தைப் பிடிக்கலாம்.

நோயாளிகளுக்கும் குடும்பத்தாருக்கும் அழுத்திச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. நோயெதிர்ப்புச் சிகிச்சையின் பக்க விளைவுகள் கீமோவைப் போன்றவை அல்ல. அடக்கும் பிடி தளர்வதால் குடல், தைராய்டு, கல்லீரல், நுரையீரல், சில வேளை இதயம்கூடத் தாக்கப்படலாம். மெலனோமா என்ற தோல் புற்றுநோயில் ஐபிலிமுமாப், நிவோலுமாப் ஆகிய இரண்டு நோயெதிர்ப்பு மருந்துகளையும் சேர்த்துக் கொடுத்த பெரிய சோதனையில், 2015இல் வெளியான முடிவுப்படி 55 சதவீதம் பேருக்குக் கடுமையான பக்க விளைவுகள் வந்தன. சொன்னால் மருந்தை நிறுத்திவிடுவார்கள் என்று பயந்து வயிற்றுப்போக்கை மறைக்கிறவர்கள் உண்டு. மறைக்காதீர்கள். பக்க விளைவால் தொடக்கத்திலேயே நிறுத்தியவர்களில் பலருக்கும் பலன் நீடித்தது. தொடக்கத்தில் ஸ்டீராய்டால் அடக்கக்கூடிய குடல் அழற்சி, தாமதித்தால் குடலில் ஓட்டை விழும் வரை போகலாம். எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும் என்று விற்கும் மாத்திரைகளையும் பொடிகளையும் மருத்துவரைக் கேட்காமல் தொடாதீர்கள்.

இந்த விளைவுகள் கடைசி டோஸுக்குப் பல மாதங்கள் கழித்தும் வரலாம். அப்போது உங்களைப் பார்ப்பவர் புற்றுநோய் மருத்துவராக இல்லாமல், அவசரப் பிரிவில் பணியில் இருக்கும் யாரோ ஒருவராக இருக்கலாம். மருந்தின் பெயரையும் கடைசி டோஸ் போட்ட தேதியையும் எழுதிக் கையில் வைத்திருங்கள். "கீமோ எடுத்தேன்" என்று பொதுவாகச் சொன்னால் அவர் தொற்றைத்தான் தேடத் தொடங்குவார்.