பூச்சைச் சுரண்டாதீர்கள், லேசர் தகட்டைச் சுடாதீர்கள்

டிரான்ஸ்பார்மர் கோரில் (கம்பிச்சுருளுக்குள் இருக்கும் எஃகு மையத்தில்) அடுக்கப்படும் சிலிக்கான் எஃகுத் தகடு பெரும்பாலும் 0.23 முதல் 0.30 மில்லிமீட்டர் தடிமன்தான் இருக்கும். அதன் மேலுள்ள சாம்பல் நிறப் பூச்சு, தகட்டுக்குத் தகடு மின்சாரம் தாவாமல் தடுக்க மட்டுமே என்று பலர் நினைக்கிறார்கள். தவறுகள் அங்கேதான் தொடங்குகின்றன.

ஆலையில் தகட்டின்மேல் மெக்னீசியம் ஆக்சைடு குழம்பைப் பூசி, ஏறத்தாழ 1200 டிகிரி செல்சியஸில் சுடுகிறார்கள். பரப்பிலுள்ள சிலிக்காவோடு சேர்ந்து அது கண்ணாடி போன்ற படலமாகிறது. அதற்கும் மேலே ஒரு பாஸ்பேட் பூச்சு. சூடு ஆறும்போது எஃகு அதிகமாகச் சுருங்கப் பார்க்கும், பூச்சு அவ்வளவு சுருங்காது. அதனால் எஃகு எந்நேரமும் இழுபட்ட நிலையிலேயே இருக்கிறது. அந்த இழுவிசைதான் காந்த டொமைன்களை, அதாவது ஒரே திசையில் காந்தமான நுண் பகுதிகளை, ஒடுக்கி, சுழல் மின்னோட்ட இழப்பை (எஃகுக்குள் சுழலும் மின்சாரம் வெப்பமாக வீணாவதை) குறைக்கிறது. துருப்புள்ளி தெரிகிறதே என்று உப்புத்தாளை எடுப்பவர் காப்பை மட்டுமல்ல, இந்த இழுவிசையையும் சேர்த்தே சுரண்டிவிடுகிறார்.

வெட்டிய விளிம்பில் பிசிறு நின்றால் அடுத்த தகட்டின் பூச்சைக் குத்திக் கிழிக்கும். மழுங்கிய கத்தியை இன்னொரு நாள் ஓட்டலாம் என்ற சிக்கனம் வீண். வெட்டியதால் ஏறிய உள் இறுக்கத்தை (தகைவை) நீக்கச் சுடுவதற்கு முன் எண்ணெயைத் துடைக்காமல் விடுவதும் அப்படித்தான்: எண்ணெயிலுள்ள கார்பன் எஃகுக்குள் இறங்கினால், நாளாக நாளாக இழப்பு ஏறும்.

எனக்கு அதிகம் எரிச்சலூட்டுவது லேசர் தகட்டில் நடக்கும் தவறு. உருட்டிய திசைக்குக் குறுக்கே, சில மில்லிமீட்டருக்கு ஒன்றாக லேசர் கோடு போட்டால் டொமைன்கள் மேலும் ஒடுங்கும். கோடு அளவுக்கு மிஞ்சினால் ஹிஸ்டெரிசிஸ் இழப்பு (காந்தத் திசை மாறிமாறித் திரும்புவதில் வீணாகும் ஆற்றல்) கூடிவிடும் என்பது ஒரு பக்கம். அதைவிட முக்கியம், அந்தக் கோட்டின் பயன் அது உண்டாக்கும் நுண்ணிய தகைவில் இருக்கிறது. சுருட்டிய கோரைத் தகைவு நீக்க 800 டிகிரி அளவில் சுடுவார்கள். லேசரின் தகைவும் அதோடு போய்விடும். கூடுதல் விலை கொடுத்து வாங்கியதை உலையில் தொலைப்பதுதான் மிச்சம். அத்தகைய கோருக்குப் பள்ளக்கோடு வெட்டிய, சூடு தாங்கும் வகைத் தகட்டைத்தான் கேட்டு வாங்க வேண்டும்.

சோதனைக்கூடத்திலும் இதே கதை. எப்ஸ்டீன் சோதனைக்கு (பட்டைகளைச் சதுரமாக அடுக்கி இழப்பை அளக்கும் முறை) வெட்டிய பட்டைகளைப் பழக்கதோஷத்தில் சுட்டுவிட்டு, லேசர் தகடு மட்டம் என்று அறிக்கை எழுதுவார்கள். அவர்கள் அளந்தது லேசர் போட்ட தகட்டையே அல்ல.