லினக்ஸுக்கு டிஸ்க் பிரிக்கும்போது ஃபைல் சிஸ்டத்தில் எங்கே சறுக்குகிறோம்?

கிருஷ்ணகிரி பழையபேட்டையில் மாங்காய் மண்டி வைத்திருக்கும் அண்ணன் ஒருவர் சீசன் நடுவில் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தார். பாஸ்வேர்டு கொடுத்தால் ஒரு நொடி கறுப்பாகி, திரும்பவும் லாகின் திரைக்கே வந்து நிற்கிறது. "நேத்து வரைக்கும் நல்லாதான் இருந்துச்சு தம்பி, பில்லு பூரா உள்ள இருக்குது" என்றார்.

லினக்ஸை அவரே நிறுவியிருந்தார். ஹோம் பார்டிஷனை, அதாவது நம் ஃபைல்களும் செட்டிங்குகளும் இருக்கும் டிஸ்க் பகுதியை மட்டும், விண்டோஸுக்கும் பொதுவாக இருக்கட்டும் என்று விண்டோஸின் ஃபைல் சிஸ்டமான (டிஸ்க்கில் ஃபைல்களை அடுக்கி வைக்கும் முறை) என்டிஎஃப்எஸ்ஸில் வைத்துவிட்டார். முந்தின ராத்திரி விண்டோஸில் வேலை பார்த்து ஷட்டவுன் செய்திருக்கிறார். அங்கே சீக்கிரம் பூட் ஆவதற்கான ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் வசதி ஓடினால் டிஸ்க் முழுதாக மூடப்படுவதில்லை, அரைத்தூக்கத்தில் கிடக்கும். அதைப் பார்த்த லினக்ஸ், எதையும் எழுத விடாமல் படிக்க மட்டுமே திறந்திருக்கிறது. ஹோமில் எழுத முடியாவிட்டால் டெஸ்க்டாப் எப்படி வரும்?

விண்டோஸில் அந்த வசதியை அணைத்தோம். ஹோமை லினக்ஸின் வழக்கமான ஃபைல் சிஸ்டமான எக்ஸ்ட்4-க்கு மாற்றி, பில் ஃபோல்டரை மட்டும் என்டிஎஃப்எஸ்ஸில் விட்டோம். இன்னொரு காரணமும் உண்டு: எந்த ஃபைல் யாருடையது, யார் இயக்கலாம் என்று லினக்ஸ் குறித்து வைப்பதெல்லாம் என்டிஎஃப்எஸ்ஸில் வழக்கமாக மவுண்ட் செய்தால் (சிஸ்டத்தோடு இணைத்தால்) நிற்காது.

அதற்காக எல்லாவற்றையும் எக்ஸ்ட்4 ஆக்குவதும் தப்பு. கம்ப்யூட்டர் பூட் ஆகத் தேவையான இஎஃப்ஐ பார்டிஷன் ஃபேட்32-ஆகத்தான் இருக்க வேண்டும். கல்யாண வீடியோ கொண்டுபோகும் பென் டிரைவுக்கு அதே ஃபேட்32 ஆகாது, ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தொட்டால் ஏறாது, எக்ஸ்ஃபேட் போடுங்கள்.

எக்ஸ்எஃப்எஸ் என்ற இன்னொரு லினக்ஸ் ஃபைல் சிஸ்டம் பெரிய ஃபைல்களுக்கு அருமை. ஆனால் பார்டிஷனைப் பெரிதாக்கலாம், பிறகு சுருக்குவது நடக்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள். அளவு இன்னும் முடிவாகாத டிஸ்க்கில் போட்டுவிட்டு அப்புறம் முழிக்க வேண்டாம். லினக்ஸ் வகைகளில் ஒன்றான ஃபெடோரா, 2020-இல் 33-ஆம் பதிப்பிலிருந்து டெஸ்க்டாப்புக்குப் பிடிஆர்எஃப்எஸ் என்ற ஃபைல் சிஸ்டத்தையே தருகிறது. அதன் ஸ்னாப்ஷாட், அதாவது டிஸ்க் அந்த நேரத்தில் இருந்த நிலையை அப்படியே பிடித்து வைக்கும் வசதி, எனக்குப் பிடிக்கும். ஆனால் அதையே பேக்கப் என்று நம்புகிறவர்களைப் பார்த்தால் வயிற்றைக் கலக்குகிறது. ஸ்னாப்ஷாட் இருப்பதும் அதே டிஸ்க்கில்தானே, டிஸ்க் போனால் கூடவே போகும்.

எக்ஸ்ட்4 தானாகவே 5 சதவீத இடத்தை ரூட்டுக்கு (சிஸ்டத்தின் நிர்வாகிக் கணக்குக்கு) ஒதுக்கிக்கொள்ளும். சிஸ்டம் இருக்கும் பார்டிஷனில் அது இருக்கட்டும். படமும் பில்லும் மட்டும் வைக்கிற 1 டிபி டிஸ்க்கில் சுமார் 50 ஜிபி சும்மா கிடக்கும். ட்யூன்2எஃப்எஸ் கட்டளையில் 1 சதவீதமாகக் குறைத்துக்கொள்ளலாம்.