மழலையர் எழுத்தறிவை அளக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

குழந்தைக்கு எத்தனை எழுத்துகள் தெரியும் என்று எண்ணுவதையே முன்னேற்றமாகக் கருதுவதுதான் மிகப் பரவலான தவறு. தமிழின் 247 எழுத்துகளையும் வரிசை பிசகாமல் ஒப்பிக்கும் குழந்தை, அவற்றைக் கலைத்துக் காட்டினால் திணறக்கூடும். மாறாக, 'கி', 'ம' இரண்டையும் பழகிய குழந்தை, யாரும் சொல்லித்தராத 'மி'யைத் தானாகப் படித்துவிட்டால், எழுத்து அமைந்திருக்கும் முறையே அதற்குப் பிடிபட்டுவிட்டது என்று பொருள். நூறு எழுத்துகளின் கணக்கைவிட இந்த ஒரு விடையை நான் பெரிதாக மதிப்பேன்.

வகுப்பில் பலமுறை வாசித்த பக்கத்தையே தேர்வுக்கும் கொடுப்பது அடுத்த தவறு. 'பசு' என்ற சொல்லுக்கு மேலே உள்ள படத்தைப் பார்த்து 'மாடு' என்று வாசிக்கும் குழந்தை எழுத்தைப் பார்க்கவே இல்லை. ஆகவே படமில்லாத புதுச் சொற்களும், 'டுமி' போன்ற பொருளற்ற சொற்கள் சிலவும் தேர்வில் இருக்க வேண்டும்.

வாசிப்பு வேகத்தை மட்டும் குறித்துக்கொள்வதும் போதாது. எழுத்தைக் கூட்டிப் படிக்கும் திறன், கேட்டுப் புரிந்துகொள்ளும் திறன் ஆகிய இரண்டின் பெருக்கமே வாசித்துப் புரிந்துகொள்ளுதல் என்று காஃப், டன்மர் என்னும் ஆய்வாளர்கள் 1986இல் விளக்கினர்; ஒன்று சுழியானால் விடையும் சுழிதான். ஒரு கதையை நாமே வாசித்துக் காட்டிக் கேள்வி கேட்டால்தான் சிக்கல் எழுத்திலா, மொழியிலா என்று தெரியும். வீட்டில் வேறு மொழி பேசும் குழந்தைகளுக்கு இது இன்னும் அவசியம்.

முன்னும் பின்னும் நடத்திய தேர்வுகளை ஒப்பிடுவதில் நேரும் பிழைகளோ, எழுத்தறிவு கற்பிக்கும் திட்டத்தையே தவறாக எடைபோட வைத்துவிடும். தொடக்கத்தில் 30 குழந்தைகளின் சராசரியையும், முடிவில் எஞ்சிய 22 பேரின் சராசரியையும் ஒப்பிட்டால், பின்தங்கியவர்கள் இடையில் நின்றுபோனதாலேயே மதிப்பெண் உயர்ந்திருக்கலாம். இரு முறையும் தேர்வெழுதிய அதே குழந்தைகளைத்தான் ஒப்பிட வேண்டும். நான்கைந்து வயதில் திட்டம் இல்லாமலேயே குழந்தைகள் வளர்வார்கள் என்பதால், அதில் சேராத ஒத்த வயதினரின் முன்னேற்றமும் தெரிந்திருக்க வேண்டும். எல்லோரும் சுழி வாங்கும் தேர்வும், எல்லோரும் முழு மதிப்பெண் வாங்கும் தேர்வும் எதையும் அளப்பதில்லை.

இறுதியாக, அறிமுகமில்லாதவர் முன் வாய்திறக்காத குழந்தைக்கு அறியாமை முத்திரை குத்திவிடக் கூடாது. முதலில் சற்று நேரம் பேசிப் பழகி, ஓரிரு மாதிரிக் கேள்விகளைச் செய்துகாட்டுங்கள். தாளில் 'தவறு', 'விடை சொல்லவில்லை' இரண்டையும் தனித்தனிக் கட்டங்களில் குறியுங்கள். இரண்டாம் கட்டம் நிறைந்த தாள்களுக்கு உரிய குழந்தைகளை, அவர்களுக்குப் பழகிய ஒருவர் வேறொரு நாளில் மீண்டும் கேட்டுப் பார்க்கலாம்.