பந்தய வாரம், ஐப்பசி மழை, ஆற்றங்கரை ஓட்டம்: செய்யக்கூடாத சில காரியங்கள்

பந்தயத்துக்கு நாலைந்து நாள்தான் இருக்கிறது, பயிற்சி அட்டவணையில் "ஈஸி ரன் (சிரமமில்லாத மெது ஓட்டம்), 40 நிமிடம்" என்று போட்டிருக்கிறது, வெளியே ஐப்பசி மழை ஊற்றுகிறது. தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறைப் பக்கம் இருந்துகொண்டு மலைப் பாதைப் பந்தயத்துக்குத் தயாராகிற எல்லோருக்கும் வருகிற சிக்கல்தான். நம் ஊரில் மேடு என்றால் ஆற்றுக் கரையும் ரயில்வே மேம்பாலமும்தான், அதனால் கொள்ளிடக் கரை, வெண்ணாற்றுக் கரை, புது ஆற்றுக் கரை என்று மண் பாதையைத் தேடிப் போகிறோம். வெயில் நாளில் அருமையான பாதை. மழையில் அதே கரையை நம்பக்கூடாது.

இருக்கிற தவறுகளிலேயே பெரியது, இந்த ஓட்டத்தைப் பயிற்சி என்று நினைப்பது. கடினமாக ஓடியதன் பலன் உடம்பில் சேர பத்து நாள், இரண்டு வாரம் ஆகும், புதன்கிழமை ஓடுவது ஞாயிற்றுக்கிழமைக்கு வந்து சேராது. கால் இறுகிப் போகாமல் இருக்கவும் மனசு பதறாமல் இருக்கவும்தான் இந்த ஓட்டம். அதை 20 நிமிடமாகக் குறைக்கலாம், குடை பிடித்துக்கொண்டு நடக்கலாம், ஓடாமலே விட்டாலும் ஒன்றும் குடி முழுகிவிடாது. ஆனால் "இந்த வாரக் கிலோமீட்டர் குறையுதே" என்று கணக்குப் பார்த்து இருட்டிய பிறகு டார்ச்சோடு கிளம்புகிறவர்கள் இருக்கிறார்கள், இப்படிக் கிளம்பித்தான் பல கணுக்கால்கள் பிசகுகின்றன.

அப்புறம், வாட்சில் வேகத்தைப் பார்த்துப் பார்த்து ஓடுவது. டெல்டாக் களிமண் நனைந்தால் ஷூவின் அடியில் அப்பிக்கொள்ளும், அதில் வைக்கோல் ஒட்டும், அதன் மேல் மறுபடி மண், கொஞ்ச தூரத்திலேயே காலில் செங்கல்லைக் கட்டிக்கொண்டு ஓடுகிற மாதிரி ஆகிவிடும். அந்தக் கனத்தோடு வழக்கமான வேகத்தைப் பிடிக்கப் பார்த்தால் அது ஈஸி ரன்னே இல்லை, தொடை இடுக்கும் கெண்டைக்காலும் மறுநாள் சொல்லும். வேகத்தைப் பார்க்காதீர்கள், மூச்சைப் பாருங்கள், பக்கத்தில் ஓடுகிறவரிடம் மூச்சு வாங்காமல் முழு வாக்கியமாகப் பேச முடிய வேண்டும். ஒட்டிய மண்ணைக் காலை உதறி எடுக்காதீர்கள் (முட்டிக்கு ஆகாது), நின்று ஒரு குச்சியால் சுரண்டிவிட்டுப் போங்கள். இன்னொன்று, "புது ஷூ கிரிப் எப்படின்னு பாத்துடலாம்" என்று அதை இந்தச் சேற்றில் சோதிக்க வேண்டாம். பாறையில் அது எப்படிப் பிடிக்கும் என்று களிமண் சொல்லித் தராது, கிடைப்பது கொப்புளம் மட்டும்தான்.

வரப்பில் ஏறுவது வேறு கதை. சம்பா நட்ட வயலின் வரப்பு பார்க்கப் பச்சைப் பசேல் என்று இருக்கும், ஆனால் அருகம்புல்லுக்கு அடியில் நண்டு வளையும் எலி வளையும் கிடக்கும், மழையில் ஊறிய வளையின் வாய் மிதித்ததும் உள்ளே சரியும், குதிகால் அளவுக்குக் கால் இறங்கிவிடும். பந்தய வாரத்தில் வரப்பு வேண்டவே வேண்டாம். அகலமான கரையிலும் டிராக்டர் தடத்துக்குள் ஓடாமல் நடுத் திட்டில் ஓடுங்கள். மதகுச் சிமெண்டும் படித்துறையும் பாசி பிடித்துக் கண்ணாடி மாதிரி இருக்கும், அங்கே நடந்துதான் கடக்க வேண்டும், இதில் வீரம் காட்ட ஒன்றுமில்லை. மழைக்கு வளையில் தண்ணீர் புகுந்தால் பாம்பும் மேட்டுக்குத்தான் வரும், அந்த மேடு நாம் ஓடுகிற கரைதான். கடித்துவிட்டால் கட்டுப் போடுவது, கீறிவிடுவது எல்லாம் வேண்டாம், ஓடவும் வேண்டாம், 108-ஐக் கூப்பிட்டு நேராக அரசு மருத்துவமனைக்குப் போங்கள்.

"மழை விட்டுடுச்சே" என்று கொள்ளிடத்துக்குக் கிளம்புவதும் தவறுதான். நம் ஊர் மழைக்கும் ஆற்றில் வரும் தண்ணீருக்கும் நேரடிச் சம்பந்தம் இல்லாத நாட்கள் உண்டு. மேட்டூர் அணை 120 அடி நிரம்பி உபரி நீர் திறந்தால், காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரிகிற முக்கொம்பிலிருந்து வெள்ளத்தைக் கொள்ளிடத்தில்தான் திருப்பி விடுவார்கள், இங்கே வானம் வெளுத்திருக்கும்போதே ஆறு ஏறும். வெள்ள எச்சரிக்கை இருந்தால் கரைப்பக்கமே போகக்கூடாது. தரைப்பாலத்தின் மேல் தண்ணீர் ஓடினால், அது கணுக்கால் அளவே இருந்தாலும், திரும்பிவிடுங்கள்.

மின்னலில் மட்டும் பேச்சுக்கே இடமில்லை. சமவெளி வயலுக்கு நடுவே கரை மேல் ஓடுகிற ஆள்தான் உயரமான பொருள், பக்கத்தில் பனைமரம் இருந்தால் அதன் அடியில் நிற்பது இன்னும் மோசம். இடிச் சத்தம் காதில் விழுந்தாலே மின்னல் எட்டுகிற தூரத்தில் இருக்கிறோம் என்று அர்த்தம். பஸ் நிழற்குடையும் கீற்றுக் கொட்டகையும் போதாது, நாலு சுவரும் கூரையும் உள்ள கட்டடமோ கதவு மூடிய காரோ வேண்டும், கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் அங்கேயே இருக்க வேண்டும்.

சரி, எங்கேதான் ஓடுவது? இடி இல்லாத வெறும் தூறல் என்றால் தஞ்சாவூர்க்காரர்களுக்கு அன்னை சத்யா விளையாட்டரங்கம் இருக்கிறது, கும்பகோணத்தில் மகாமகக் குளத்தைச் சுற்றியுள்ள தெருக்கள் போதும். பாதை மண்ணாக இல்லையே என்று கவலைப்படாதீர்கள், அந்த 20 நிமிடத்துக்கு எந்தத் தரையும் ஒன்றுதான். பருத்தி பனியனைத் தவிருங்கள், நனைந்தால் அக்குளையும் மார்பையும் உராய்ந்து புண்ணாக்கிவிடும், தொடை இடுக்கில் வாசலின் தடவிக்கொள்ளுங்கள். மழையில் நனைகிறோமே என்று தண்ணீர் குடிக்காமல் விடுகிறார்கள், இந்தப் புழுக்கத்தில் வியர்ப்பது தெரியாதே தவிர வியர்த்துக்கொண்டுதான் இருக்கும்.

வீட்டுக்கு வந்ததும் ஷூவை அடுப்புப் பக்கமோ சுள்ளென்ற வெயிலிலோ வைத்தால் பசை விட்டு அடிப்பாகம் பிரியும். உள்ளட்டையை உருவிவிட்டு, பழைய நியூஸ்பேப்பரைக் கசக்கித் திணித்து, ஃபேனுக்குக் கீழே சாய்த்து வையுங்கள், பேப்பர் ஊறியதும் மாற்றுங்கள். காலைச் சோப்புப் போட்டுக் கழுவி விரல் இடுக்கைத் துடைத்து, கீறல் இருக்கிறதா என்று பாருங்கள். தேங்கிய வயல் தண்ணீரில் எலிச் சிறுநீர் கலந்திருந்தால் அந்தக் கீறல் வழியாக எலிக்காய்ச்சல் கிருமி உள்ளே போகும், காய்ச்சல் ஒன்றிரண்டு வாரம் கழித்துக்கூட வரும், அதாவது பந்தயமெல்லாம் முடிந்த பிறகு. அப்போது டாக்டரிடம் மலைக்குப் போனதை மட்டும் சொல்லாமல், அதற்கு முந்தி இங்கே சேற்றுத் தண்ணீரில் ஓடியதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.