கடலோரத்திலிருந்து இமயத்துக்குப் பை கட்டுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நாகர்கோவிலில் மார்கழி விடியற்காலையில்கூட வெப்பநிலை 20 டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வம். அங்கே பிறந்து வளர்ந்த ஒருவர் நேபாளத்தில் எவரெஸ்ட் அடிவார முகாமுக்கு நடக்கக் கிளம்பினால், பையில் என்ன வைப்பது என்பதை அவருடைய பயமே முடிவு செய்துவிடுகிறது. வீட்டில் இருக்கிற ஸ்வெட்டர், சால்வை எல்லாம் உள்ளே போகும். கொழுந்தனாரோ மச்சானோ வளைகுடாவிலிருந்து கொண்டுவந்த ஜெர்க்கின் ஒன்றும் சேரும். 25 கிலோவுக்கு மூட்டை தயாராகிவிடும். உண்மையில் வேண்டிய ஐந்தாறு பொருள் மட்டும் அதில் இருக்காது. தக்கலை, மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து கிளம்புகிறவர்கள் பட்டியலைக் காட்டி யோசனை கேட்கும்போதெல்லாம் நான் பார்ப்பது இதைத்தான். அவர்கள் குளிருக்குத் தயாராகிறார்கள்; வியர்வை, காற்று, வெயில் ஆகிய மூன்றையும் கணக்கில் எடுப்பதில்லை.

முதலில் உயரத்தைப் பார்த்துவிடுவோம். நமக்குப் பக்கத்தில் இருக்கிற பெரிய சிகரம் பொதிகை, 1,868 மீட்டர். எவரெஸ்ட் நடையில் முதல் நாள் விமானம் இறங்கும் லுக்லாவே 2,860 மீட்டர். நாம்சே பஜார் 3,440, கடைசி இரவு தங்கும் கோரக்‌ஷேப் 5,164, அடிவார முகாம் 5,364. ஏறும் ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் வெப்பநிலை சராசரியாக 6.5 டிகிரி குறையும். நவம்பர் இரவுகளில் கோரக்‌ஷேப்பில் மைனஸ் 10-க்கும் கீழே போவது சாதாரணம். காற்றில் ஆக்சிஜனின் விகிதம் அங்கேயும் மாறுவதில்லை. காற்றழுத்தம் ஏறக்குறைய பாதியாகிவிடுவதால் ஒரு மூச்சில் கிடைப்பதும் பாதிதான். அதனால் பையில் கூடுகிற ஒவ்வொரு கிலோவும் அங்கே பல மடங்காகத் தெரியும்.

பெரிய தவறு பருத்தி. பிறந்ததிலிருந்து நாம் உடுத்துவது அதுதான். நம் ஊர்ப் புழுக்கத்துக்கு அதைவிட நல்ல துணி கிடையாது. வியர்வையை உறிஞ்சி வைத்துக்கொண்டு, மெதுவாகக் காய்ந்து, உடம்பைக் குளிர்விக்கும். மலையில் அதே குணம் ஆபத்தாகிறது. ஏற்றத்தில் நடக்கும்போது மைனஸ் குளிரிலும் முதுகு நனையும். நின்றவுடன் அந்தப் பனியன், ஈரத் துவர்த்தைப் போர்த்திக்கொண்டு ஃபேனுக்கு அடியில் நிற்பது போல உடம்புச் சூட்டை இழுத்துவிடும். மேலே எவ்வளவு தடித்த ஜாக்கெட் போட்டாலும் உள்ளே ஈரம் இருந்தால் நடுக்கம் நிற்காது. ஆகவே பனியன், ஜட்டி, சாக்ஸ், ஜீன்ஸ் எதிலும் பருத்தி வேண்டாம். தோலை ஒட்டிப் போடுவது மெரினோ கம்பளியாகவோ பாலியஸ்டராகவோ இருக்கட்டும். மெரினோ விலை கூடுதல். ஆனால் நாலைந்து நாள் தொடர்ந்து போட்டாலும் வாடை வராது. குளிக்க வழியில்லாத பாதையில் அது சின்ன விஷயம் இல்லை.

இதோடு ஒட்டிய தவறு, குளிருக்கென்று ஒரே ஒரு தடித்த ஜாக்கெட்டை நம்புவது. போட்டுக்கொண்டு ஏறினால் வியர்த்துக் கொட்டும், கழற்றினால் உறையும். இரண்டுக்கும் நடுவில் ஒன்றும் இருக்காது. உள்ளாடை, அதன் மேல் ஃப்ளீஸ் எனும் மென்மையான செயற்கை இழைச் சட்டை, அதன் மேல் இறகு அடைத்த டவுன் ஜாக்கெட், எல்லாவற்றுக்கும் மேலே காற்றும் மழையும் புகாத மெல்லிய ஜாக்கெட். இந்த நான்கும் ஒன்றின் மேல் ஒன்றாகப் போடும் அளவில் இருக்க வேண்டும். நடக்கும்போது பெரும்பாலும் முதல் இரண்டே போதும். வியர்க்கத் தொடங்குவதற்கு முன்பே ஒன்றைக் கழற்றிவிடுங்கள்; ஓய்வுக்கு உட்கார்ந்தால் உடம்பு சூடாக இருக்கும்போதே டவுனை எடுத்துப் போடுங்கள். குளிர ஆரம்பித்த பிறகு போட்டால் சூடேற வெகுநேரம் ஆகும். இரவுக்கு ஒரு ஜோடி உள்ளாடையையும் சாக்ஸையும் தனியாக வைத்து, என்ன ஆனாலும் அதைப் போட்டுக்கொண்டு நடக்காமல் இருங்கள்.

வாங்கியதைச் சோதிக்க நம் குமரி மாவட்டத்தைப் போல வசதியான இடம் குறைவு. ஜாக்கெட் காற்றை மறைக்கிறதா என்று பார்க்க ஜூன், ஜூலையில் ஆரல்வாய்மொழிக் கணவாய்க்குப் போய்க் காற்றாலைகளுக்கு நடுவே அரைமணி நேரம் நில்லுங்கள். உள்ளே ஈர பனியனோடு ஒருமுறை, ஈர பாலியஸ்டரோடு ஒருமுறை. வித்தியாசம் உடனே புரியும். மழை ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு அதே பருவத்தில் பேச்சிப்பாறைப் பக்கம் இரண்டு மணி நேரம் நடந்தால், தையல் வழியாக நீர் இறங்குகிறதா என்பதும் தெரிந்துவிடும். குளிருக்கு மட்டும் கொடைக்கானலோ ஊட்டியோ போக வேண்டும். டிசம்பரிலோ ஜனவரியிலோ இரண்டு இரவு தங்கினால் போதும்.

அடுத்தது ஷூ. மற்ற எல்லாவற்றையும் காத்மாண்டுவில் தாமெல் கடைகளில் வாங்கிவிடலாம், வாடகைக்கும் எடுத்துவிடலாம். காலுக்குப் பழகிய ஷூ அங்கே கிடைக்காது. அதனால் விமானத்தில் ஏறும்போதே அதைக் காலில் போட்டுக்கொள்ளுங்கள். பெட்டி வழியில் தொலைந்தாலும் நடை தொலையாது. சின்ன வயதிலிருந்து செருப்போடோ வெறுங்காலோடோ நடந்த நம்மில் பலருக்கு முன்பாதம் அகலமாக விரிந்திருக்கும். குறுகலான ஷூவில் அது அடங்குவதில்லை. சாயங்காலம் கால் சற்று வீங்கியிருக்கும் நேரத்தில், மலைக்குப் போடப்போகிற தடித்த சாக்ஸோடு கடைக்குப் போய், அரை அளவாவது பெரிதாக வாங்குங்கள். இறக்கத்தில் விரல் முன்னால் இடித்தால் இரண்டே நாளில் நகம் கறுத்துவிடும். வாங்கிய ஷூவோடு மருந்துவாழ்மலைப் படிகளில் சில வாரமாவது ஏறி இறங்குங்கள், முதுகில் ஐந்தாறு கிலோ சுமையோடு. எங்கே உரசுகிறது என்பது அங்கேயே தெரிந்துவிடட்டும்.

ஷூவைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். கடலோர மக்கள் இதைத் தெரிந்துகொள்வது மிகவும் அவசியம். மலையேற்ற ஷூக்கள் பலவற்றில் அடிப்பாகத்துக்கும் மேல்பாகத்துக்கும் நடுவில் பாலியூரித்தேன் நுரை இருக்கிறது. காற்றில் உள்ள ஈரம் அதை மெல்ல மெல்லச் சிதைக்கும். வெப்பமும் சேர்ந்தால் சிதைவு இன்னும் வேகமாகும். யாரோ நான்கைந்து வருடத்துக்கு முன் வாங்கி, இரண்டு முறை போட்டு, பரணில் வைத்த ஷூ வெளியே புதிது போலவே இருக்கும். பாதையில் இறங்கிய இரண்டாம் நாள் அடிப்பாகம் பிஸ்கட்டாக உதிரும். குளச்சலிலோ முட்டத்திலோ இருக்கிற ஒரு வீட்டின் காற்று வருடம் முழுக்க ஈரமானது என்பதை நினைத்துப் பாருங்கள். பழைய ஷூவை இரவல் வாங்குவதானால் அடிப்பாகத்தைப் பக்கவாட்டில் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். சிறு விரிசலோ பிசுபிசுப்போ இருந்தால் வேண்டவே வேண்டாம். பழைய மழை ஜாக்கெட்டின் உள்பூச்சும் இதே காரணத்தால் ஒட்டும், உரியும். டவுன் ஜாக்கெட்டையும் தூக்கப்பையையும் (ஸ்லீப்பிங் பேக்) சின்ன உறைக்குள் அமுக்கியே வருடக்கணக்கில் வைத்திருந்தால் இறகு மறுபடி உப்பாது, பூசணமும் பிடிக்கும். நன்றாகக் காயவைத்து, தளர்வாகத் தொங்கவிட்டு வைப்பதுதான் சரி.

தூக்கப்பை வாங்குகிறவர்கள் உறையில் பெரிதாகப் போட்டிருக்கும் எண்ணைப் பார்த்து ஏமாறுகிறார்கள். சர்வதேசத் தரத்தின்படி சோதித்த பையில் மூன்று எண்கள் இருக்கும்: வசதியாகத் தூங்க முடிகிற அளவு, சமாளிக்க முடிகிற எல்லை, உயிர் மட்டும் தப்பக்கூடிய கடைசி அளவு. கடைக்காரர் பெருமையாகக் காட்டுவது பெரும்பாலும் அந்தக் கடைசி எண்ணைத்தான். நீங்கள் பார்க்க வேண்டியது முதல் எண்ணை. குளிரே பழகாத நமக்கு அதிலும் ஐந்து டிகிரி கூடுதல் பாதுகாப்பு வைத்துக்கொள்வது நல்லது. எவரெஸ்ட் பாதைக்கு வசதி அளவு மைனஸ் 10 முதல் 15 வரை உள்ள பை வேண்டும். ஒரே ஒரு பயணத்துக்கு அதை விலைக்கு வாங்குவதில் எனக்குச் சம்மதமில்லை. தாமெலில் வாடகைக்கு எடுங்கள். உள்ளே விரிக்க ஒரு மெல்லிய லைனரை மட்டும் இங்கிருந்து கொண்டுபோங்கள். டவுன் ஜாக்கெட்டுக்கும் இதையே சொல்வேன்.

எடைக்கு வருவோம். லுக்லா போகும் சிறு விமானங்களில் ஒருவருக்குப் பொதுவாக 15 கிலோதான்: பெட்டியில் 10, கையில் 5. மேலே நடக்கும்போது இரண்டு பேருடைய பைகளை ஒரு போர்ட்டர் சுமப்பதுதான் அங்கே வழக்கம். உங்கள் பை 20 கிலோ என்றால் அந்த மனிதர் 40 கிலோவைத் தூக்கிக்கொண்டு, உங்களுக்கு மூச்சு முட்டுகிற அதே காற்றில் ஏறுகிறார். போர்ட்டருக்குக் கொடுக்கும் பை 10 கிலோவைத் தாண்டக் கூடாது என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டிலேயே தராசில் வைத்துப் பார்த்துவிடலாம். கூடுகிற எடை எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால் பெரும்பாலும் மாற்றுத் துணியும் சாப்பாடும்தான். தினம் ஒரு சட்டை மாற்ற வேண்டிய பயணம் இல்லை இது. நடக்க இரண்டு ஜோடி, தூங்க ஒன்று.

சாப்பாட்டில் அம்மாக்களோடு வாதாடுவது கஷ்டம், தெரியும். ஆனால் வழியெங்கும் விடுதிகளில் சோறும் பருப்பும் கிடைக்கும், இரண்டாம் முறையும் பரிமாறுவார்கள். ஊறுகாய் ஒரு சின்ன டப்பா போதும். ஏத்தங்காய் சிப்ஸ் இடத்தை அடைக்கும், நொறுங்கும்; மூடி ஒட்டிய பாக்கெட்டுகள் உயரத்தில் பலூன் போல உப்பிக்கொள்ளும். உயரத்தில் பசி குறைந்துவிடும். அப்போதும் வாயில் போட ஆசை வருகிற பண்டம்தான் பயன்படும். முந்திரிக்கொத்து அதற்குப் பிரமாதமானது: சிறுபயறு, தேங்காய், கருப்பட்டி, கையடக்கமான அளவு, சீக்கிரம் கெடுவதும் இல்லை. சுக்குக் காப்பிப் பொடியும் வைத்துக்கொள்ளுங்கள். வெறும் தண்ணீரைக் குடிக்க மனம் வராத மாலைகளில் அது நிறைய நீரை உள்ளே இறக்கும்.

தேங்காய் எண்ணெய்க் குப்பி இல்லாமல் நம்மில் யாரும் வெளியூர் போவதில்லை. 24 டிகிரிக்குக் கீழே அது உறைந்துவிடும்; லுக்லாவிலேயே குப்பியிலிருந்து வராது. உதட்டுக்கும் முகத்துக்கும் அது வெயிலைத் தடுக்கவும் செய்யாது. வெயிலைத்தான் நம்மவர்கள் மிகவும் அலட்சியம் செய்கிறார்கள், ‘நாம பாக்காத வெயிலா’ என்று. ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் புற ஊதாக் கதிர் ஏறக்குறைய 10 சதவீதம் கூடுகிறது. புதுப்பனி அதில் 80 சதவீதம் வரை திருப்பி அடிக்கும். கீழிருந்து வரும் வெளிச்சத்தில் மூக்கின் அடிப்பக்கமும் தாடைக்குக் கீழும் வெந்துபோகும். கறுத்த தோலும் வேகும். எஸ்பிஎஃப் (வெயில் தடுப்பு அளவு) 50 கிரீம், எஸ்பிஎஃப் உள்ள உதட்டு பாம், பக்கவாட்டையும் மறைக்கும் 3-ஆம் அல்லது 4-ஆம் வகைக் கண்ணாடி. கண்ணாடியில் மட்டும் சிக்கனம் வேண்டாம். சும்மா கறுப்பாக இருக்கிற மலிவுக் கண்ணாடி கண்பாவையை விரியவைத்துக் கதிரை இன்னும் அதிகமாக உள்ளே விடும். பனிக்குருடு வந்தால் ஓரிரு நாள் கண்ணைத் திறக்கவே முடியாது.

தண்ணீருக்குக் குழாய் வைத்த பை வாங்குகிறவர்கள் அதிகம். 4,000 மீட்டருக்கு மேல் காலையில் அந்தக் குழாய் உறைந்துபோகும். அகன்ற வாய் உள்ள ஒரு லிட்டர் பாட்டில் இரண்டு போதும். இரவில் வெந்நீர் நிரப்பித் தூக்கப்பைக்குள் வைத்தால் காலுக்கும் சூடு, காலையில் குடிக்கவும் ஆகும். குழல் வடிகட்டிகள் ஒருமுறை உறைந்தால் உள்ளே விரிசல் விட்டுவிடும், பார்வைக்குத் தெரியாது. குளோரின் மாத்திரையும் கையில் இருக்கட்டும். போனும் பவர் பேங்கும் இரவில் தூக்கப்பைக்குள். பவர் பேங்க் 100 வாட்-அவருக்குள், அதாவது சுமார் 27,000 மில்லி ஆம்பியர்-அவர் (mAh) வரை. விமானத்தில் கைப்பையில் மட்டுமே அதற்கு அனுமதி. கேஸ் சிலிண்டரை எங்கேயும் வைக்கக் கூடாது. வளைகுடா உறவினர் வாங்கிக்கொடுத்த சாட்டிலைட் போன் இருந்தால் வீட்டிலும் வைத்திருக்காதீர்கள். அனுமதியில்லாமல் வைத்திருப்பதே இந்தியாவில் குற்றம்.

மருந்தைக் கடைக்காரரிடம் கேட்டு வாங்குவது நல்ல பழக்கம் இல்லை. உயரத்தில் ஆக்சிஜன் குறைவதால் வரும் உயர நோய்க்குத் தரப்படும் அசிட்டசோலமைடு சல்ஃபா வகையைச் சேர்ந்தது. அந்த ஒவ்வாமை உள்ளவர்கள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைப் பார்க்காமல் தொடவே கூடாது. மருத்துவர் சொன்னால் ஊரிலேயே ஒருமுறை சாப்பிட்டுப் பாருங்கள். விரல் நுனி மரத்துப்போவது, சிறுநீர் அதிகம் போவது போன்ற விளைவுகள் மலையில் புதிதாக வந்தால் பயந்துவிடுவீர்கள். எந்த மாத்திரையும் அவசர ஏற்றத்துக்கு ஈடாகாது. 3,000 மீட்டருக்கு மேல் தூங்கும் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டாமல் இருப்பதுதான் முதல் மருந்து. பெண்கள் நாள் கணக்கு எப்படி இருந்தாலும் நாப்கின் எடுத்துக்கொள்ளுங்கள். உயரமும் களைப்பும் சுழற்சியை மாற்றிவிடக்கூடும். மேலே வாங்குவதும் கஷ்டம், பயன்படுத்தியதை எறியவும் இடம் இல்லை. திரும்பக் கொண்டுவர ஒரு கறுப்பு உறையும் வேண்டும்.

இமயத்துக்குப் பதில் ஆப்பிரிக்காவின் கிளிமஞ்சாரோ மலைக்குப் போகிறவர்களுக்குத் தனியாக இரண்டு விஷயம். தான்சானியாவில் 2019 ஜூன் 1 முதல் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை. நம் வழக்கப்படி எல்லாவற்றையும் கேரிபேக்கில் சுற்றி வைத்தால் விமான நிலையத்திலேயே பிரிக்கச் சொல்வார்கள். துணி உறைகளும் நீர்புகாத பைகளும் பயன்படுத்துங்கள். திருவனந்தபுரத்திலிருந்து துபாய் வழியாகப் போனால் கொடீன் கலந்த இருமல் மருந்து, டிரமடால், அப்புறம் கசகசா அரைத்த மசாலாப் பொடி எதுவும் பையில் இருக்கக் கூடாது. அமீரகத்தில் முதல் இரண்டும் கட்டுப்பாட்டில் உள்ளவை, கசகசாவுக்குத் தடையே இருக்கிறது.

கடைசியாக, எந்தப் பொருள் எந்தப் பையில் என்பது. போர்ட்டர் உங்களுக்கு முன்னால் போய்விடுவார். சாயங்காலம்தான் அந்தப் பை கைக்கு வரும். மழை ஜாக்கெட், டவுன், இரண்டு அடுக்குக் கையுறை, குல்லா, தலைவிளக்கு, மருந்து, தண்ணீர், பாஸ்போர்ட், பணம் இவை எப்போதும் உங்கள் முதுகில். மழை உறை மட்டும் போட்டால் முதுகுப் பக்கம் வழியாகத் தண்ணீர் புகும். பைக்குள் ஒரு கெட்டியான நீர்புகா உறையை விரித்து அதற்குள் அடுக்குங்கள். கையுறையும் குல்லாவும் மேல் பாக்கெட்டில் இருக்கட்டும். விரல் விறைத்த பிறகு ஜிப்பைத் திறந்து அடியில் துழாவ முடியாது.