மாரிகாலப் பாசறை: வன்னியில் நாம் திரும்பத் திரும்பச் செய்கிற தவறுகள்

2022 டிசம்பரில், மாண்டஸ் புயலை ஒட்டிய நாட்களில், இலங்கையின் வடக்கிலும் கிழக்கிலும் நூற்றுக்கணக்கான மாடுகள் குளிர் தாங்காமல் செத்தன. வெப்பநிலை உறைநிலையின் பக்கம்கூடப் போகவில்லை. விடாத மழை, அதன்மேல் வாடைக்காற்று, ஒதுங்க இடமில்லாத வெட்டவெளி: இவ்வளவுதான் தேவைப்பட்டது. சாரணர் பாசறை, இளைஞர் கழக முகாம், ஆலய இளையோர் பயணம் என்று எந்தப் பெயரிலாவது பிள்ளைகளை மாரியில் வெளியே கூட்டிப் போகிறவர்கள் முதலில் அந்த மாடுகளை நினைத்துக்கொள்ள வேண்டும். எங்கள் குளிர் நனைந்த சட்டை வழியாக வருகிறது.

குளிர்கால முகாம் பற்றிய கையேடுகள் பெரும்பாலும் பனிமழை பெய்யும் நாடுகளில் எழுதப்பட்டவை. அவற்றைப் பார்த்து ‘தடித்த உடுப்பு அவசியம்’ என்று பெற்றோருக்கு அறிவித்தல் அனுப்புகிறோம். பிள்ளை தடித்த பருத்திக் குளிர்ச்சட்டையும் டெனிம் காற்சட்டையுமாக வந்து நிற்கும். இரண்டும் முதல் மழையிலேயே ஊறிக் கனத்து, முகாம் முடியும்வரை காயாது. விளையாட்டு அணிக்குத் தைத்த பொலியெஸ்டர் ஜேர்சி இதைவிட எவ்வளவோ மேல். பிழிந்து உதறினால் அரைவாசி காய்ந்துவிடும். மேலே காற்றுத் தடுக்கும் மழைக்கோட்டு, உறங்குவதற்கென்று மட்டும் பொலித்தீனில் கட்டிய உலர்ந்த உடுப்பு ஒரு சோடி. அந்தச் சோடியைப் பகலில் தொட விடக்கூடாது. இதில் நான் கொஞ்சம் கொடுமைக்காரன்தான்.

சில ஆண்டுகளுக்கு முன் நான் பொறுப்பாக இருந்த முகாமொன்றில், மழையில் நீண்ட நடை முடிந்து வந்த பதினைந்து வயதுப் பையன் சட்டைப் பொத்தானைக் கழற்ற முடியாமல் நின்றான். விரல்கள் பொத்தானைத் தேடி வழுக்கின. கூட்டாளிகள் சிரித்தார்கள். பதில் சொல்ல வாயெடுத்தவனுக்குச் சொற்கள் குழறின. நாங்கள் செய்த தவறு, நனைந்த உடுப்போடேயே அவனை அடுப்பருகில் இருத்தியது. முதுகு முழுக்க ஈரம். முகத்தில் மட்டும் சூடு. உடல் வெப்பம் குறையும்போது நடுக்கம், விரல் தடுமாற்றம், பேச்சுக் குழறல், வழக்கமில்லாத சோர்வு என்று ஒவ்வொன்றாக வரும். உடல் சூடேறாமலே நடுக்கம் நின்றுவிட்டால் நிலைமை மோசமாகிறது. தேறிவிட்டான் என்று எண்ணி விட்டுவிடக்கூடாது. காற்றுப் படாத இடத்துக்குக் கொண்டுபோய், ஈர உடுப்பைக் களைந்து, துடைத்து, உலர்ந்த போர்வையால் தலையையும் சேர்த்துச் சுற்ற வேண்டும். நினைவு தெளிவாக இருந்தால் சீனி கூடப் போட்ட சூடான இஞ்சித் தேத்தண்ணீர் கொடுக்கலாம். கைகால்களைத் தேய்க்கக்கூடாது, சுடுநீரில் குளிப்பாட்டக்கூடாது. பேச்சு தெளியவில்லை என்றால் 1990 இலக்கத்துக்கு அழைத்து அம்புலன்ஸை வரவழையுங்கள். எங்கள் பையன் அரை மணித்தியாலத்தில் தேறினான். அதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது.

திகதியைத் தேர்வதில்தான் பாதித் தவறு நடக்கிறது. பாடசாலை விடுமுறை என்பதால் டிசம்பரை எடுக்கிறோம். வன்னியில் மழையும் வெள்ளமும் உச்சத்தில் நிற்கும் நேரம் அதுவே. 2018 டிசம்பர் 21 இரவு பெய்த மழையில் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களின் ஊர்கள் விடியும்போது வெள்ளத்தில் நின்றன. 2020 டிசம்பர் 2 இரவு புரெவி புயல் திருகோணமலைக்கும் முல்லைத்தீவுக்கும் இடையே கரையேறியது. என்னைக் கேட்டால், பொங்கல் கழிந்து தை பிற்பகுதியில் ஒரு வார இறுதியைத் தேடுங்கள். தைப்பனி தரையைத் துளைக்கும் என்பார்கள். துளைக்கட்டும், பனிக்கு ஒரு தொப்பியும் போர்வையும் போதும், வெள்ளத்துக்குப் போதாது. டிசம்பரை விட வழியில்லை என்றால், வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிவித்தலைக் காலையும் மாலையும் பாருங்கள். முகாமை இடையில் கலைப்பது யார் என்பதையும் முன்கூட்டியே முடிவுசெய்து வையுங்கள். அந்த நேரத்தில் கூட்டம் போட்டுப் பேசக்கூடாது.

இடம் என்றதும் எல்லோருக்கும் குளக்கரை ஆசை. இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம், பாவற்குளம்: எங்கே போனாலும் மருத மர நிழலும் தண்ணீரும் அழைக்கும். குளத்து நீர் ஏறி இறங்கும் விளிம்பான அலைகரையில் புல் பச்சையாக, தரை மட்டமாக இருப்பது தண்ணீர் அங்கே வந்து போவதால்தான். மிகுந்த நீரை வெளியேற்றும் வான்கதவு திறந்தால் குளத்துக்குக் கீழே ஆறு ஏறும், மழை வலுத்தால் மேலே அலைகரை ஏறும். முதலையும் இடம் மாறும். வான் பாயும் இடத்தில் குளிப்பது, தண்ணீர் ஓடும் பாதையைக் கைகோர்த்துக் கடப்பது இரண்டுக்கும் என்னிடம் ஒரே பதில்: இல்லை.

அடுத்தது எந்த வெளிநாட்டுக் கையேட்டிலும் இராத தவறு. கூடாரத்தைச் சுற்றி வாய்க்கால் வெட்டு, தீமூட்டக் குழி தோண்டு என்று பாடம் சொல்கிறது. போர் 2009இல் முடிந்தது. கண்ணிவெடி அகற்றும் வேலை இன்னும் நடக்கிறது. வெள்ளம் மண்ணை அரித்து, புதைந்தவற்றை வெளியே கொண்டுவரும், இடமும் மாற்றும். ஆழமில்லாமல் புதைந்த வெடிபொருளுக்கு மேல் நெருப்பு மூட்டினால் அந்தச் சூடே போதும். ஆகவே மக்கள் வழக்கமாகப் புழங்கும் பாடசாலை மைதானம், கோயில் வளவு, பயிர்செய்த மேட்டுக்காணி போன்றவற்றையே தேர்ந்தெடுங்கள். கிராம அலுவலரிடமும் அந்த ஊரில் மாடு மேய்ப்பவரிடமும் கேளுங்கள். இரண்டாமவருக்குப் பெரும்பாலும் கூடத் தெரியும். இலேசான சரிவில் கூடாரம் போட்டால் வாய்க்காலே தேவையில்லை. தரைக்கு மேலே கல்லடுக்கி, தகரம் வைத்து அடுப்பு மூட்டலாம். இனந்தெரியாத இரும்பைக் கண்டால் தொடாமல், வந்த தடத்திலேயே திரும்பி வந்து பொலிசுக்குச் சொல்வது எப்படி என்பதை முதல் நாளே பிள்ளைகளுக்குப் பழக்குங்கள். கயிற்று முடிச்சை அடுத்த நாள் படிக்கலாம்.

முடிச்சு என்றதும் ஒரு பெரியவர் நினைவுக்கு வருகிறார். பேரனை விட வந்தவர், நாங்கள் கட்டிய தறப்பாளைப் பார்த்துக்கொண்டே நின்றார். “தம்பி, நடுவில் தண்ணீர் தேங்கும்” என்று சொல்லி, கேட்காமலேயே ஒரு மூலையை அவிழ்த்து இரண்டு சாண் இறக்கிக் கட்டினார். காற்று வரும் பக்கத்தைத் தாழ்த்தினார். மழை வந்தது, அந்த ஒரு கூடாரம்தான் ஒழுகவில்லை. எங்கே பழகினார் என்று நான் கேட்கவில்லை. இங்கே முகாம், தறப்பாள் என்ற சொற்களுக்குப் பெற்றோரின் மனதில் வேறு பொருள் இருக்கிறது. மகளை அனுப்பத் தயங்கும் தாயைப் ‘பயந்தாங்கொள்ளி’ என்று கேலி செய்யும் பொறுப்பாளர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தத் தாயைக் கூட்டிவந்து இடத்தைக் காட்டுங்கள். பல தடவை உங்கள் திட்டத்தில் உள்ள ஓட்டையை அவர்தான் கண்டுபிடிப்பார்.

இரவில் ஒரு பாய் மட்டும் விரித்து ஈரத்தரையில் படுக்க வைப்பது பெரிய தவறு. உடம்புச் சூட்டை நிலம் உறிஞ்சிவிடும். வைக்கோல் பரப்பி, மேலே பொலித்தீன், அதற்கு மேல் பாய் என்றால் சுகமாக இருக்கும், ஆனால் வைக்கோலுக்கு எலி வரும், எலிக்குப் பின்னால் பாம்பு வரும். ஆகவே வசதி இருந்தால் வாங்குகளை இணைத்து உயரத்தில் படுப்பதே நல்லது. தரையில் படுத்தால் நுளம்புவலையின் விளிம்பைப் பாயின் கீழே முழுமையாகச் செருக வேண்டும். கட்டுவிரியன் கடி வலிப்பதே அரிது. நள்ளிரவில் வயிற்றுவலி என்று எழும் பிள்ளையின் கண்ணிமை தொங்கினால் சோடா கொடுத்துப் படுக்க வைக்காமல் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். குளிருக்காகச் சிரட்டைக்கரித் தணலைக் கூடாரத்துக்குள் வைக்கும் பழக்கத்தையும் விட வேண்டும். மூடிய இடத்தில் அதன் காபனோரொட்சைட்டு மணமில்லாமல் கொல்லும். பழமும் அரிசியும் கூடாரத்துக்குள் இருந்தால், யானைக்கு அது அழைப்பிதழ்.

குடிநீரைக் கொதிக்க வையுங்கள். சேற்று வயலில் வெறுங்காலோடு விளையாட்டு வேண்டாம். 2024 டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் பரவிய எலிக்காய்ச்சல் நினைவிருக்கும். தடுப்பு மாத்திரை தேவையா என்று சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் முன்பே கேட்டுவிடுங்கள்.

கடைசித் தவறு, முகாம் முடிந்த பிறகு நடப்பது. எல்லாம் நல்லபடி முடிந்த மகிழ்ச்சியில், ஈர உடுப்போடு பிள்ளைகளை உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றி விடுகிறோம். ஏ9 வீதிக்கு வருவதற்குள் வாடைக்காற்றில் எல்லோருக்கும் பல் அடிக்கத் தொடங்கிவிடும். இப்போது நாங்கள் உறங்கும் சோடி தவிர இன்னொரு சோடியும் கொண்டுவரச் சொல்கிறோம். அந்தப் பைகளை முதல் நாளே வாங்கிப் பெயர் எழுதிப் பூட்டி வைக்கிறோம். வண்டி வந்து நின்ற பிறகுதான் திறப்பு வெளியே வரும்.